யாருமில்லாதவர் பங்கு

“எழுந்திரு துவா. செத்தவங்களே எழுந்து வந்தாச்சு, நீ இன்னும் படுத்திருக்க.”

“நான் தூங்கவே இல்லக்கா.”

“தெரியும். எழுந்திருன்னுதான் சொன்னேன், முழிச்சுக்கோன்னா சொன்னேன்?”

புவாலையின் வாய் அப்படி. பல் தேய்ப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். கோயில் சத்திரத்தின் பலகைத் தரையில் அவர்களைப் போலவே ஆற்றோர ஊர்களிலிருந்து வந்த பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தலைமாட்டுக்குத் தலைமாடு ஒரு கூடை. கூடை நிறைய வாழையிலைப் பொட்டலங்கள். ஒன்பதாம் மாத அமாவாசை அது. வருஷத்தில் இந்த ஒரு விடியலுக்குத்தான் செத்தவர்களை அவிழ்த்து விடுகிறார்கள். அவர்கள் கோயில் மதிலோரம் வந்து நிற்பார்கள். அவரவர் வீட்டார் தரையில் வைக்கிற சோற்றைத் தின்றுவிட்டு, வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். யாரும் வைக்கவில்லையென்றால் வெறும் வயிற்றோடு போக வேண்டியதுதான், அடுத்த வருஷம் வரைக்கும்.

புவாலையின் கூடையில், பிக்குகளுக்கான சோற்று உருண்டைகள் போக, அப்பாவுக்கு ஒரு பொட்டலம் இருந்தது, அம்மாவுக்கு ஒன்று, யாருமில்லாதவர்களுக்கு ஒன்று. அடியில் துணிபோட்டு மூடி இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றி அவள் துவாங்தாவிடம் மூச்சு விடவில்லை. அதைச் சொல்லத்தான் ஒரு பகல் முழுக்கப் படகில் உட்கார்ந்து, இடுப்பொடிய, இவளை லுவாங் பிரபாங் நகரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரையும் வாயால் வாங்குகிறவளுக்கு இந்த ஒரு பேச்சு மட்டும் தொண்டையைத் தாண்டி வர மறுத்தது.

துவாங்தா அவளுடைய தம்பி பெண்டாட்டி. தம்பி பெயர் சோன்பெத். அம்மா போனபோது அவனுக்கு நடக்கக்கூட வராது. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் புவாலைதான். அவனை வளர்த்ததில் அவளுடைய கல்யாணம் தள்ளிப்போயிற்று, தள்ளிப்போய் நின்றே போயிற்று. அதைப் பற்றி அவள் அலுத்துக்கொண்டதில்லை. வேறு எதைப் பற்றித்தான் அலுத்துக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் பாக்கி. கடலே இல்லாத நாட்டில் பிறந்தவன் கடலுக்குப் போனான், தாய்லாந்துக்காரன் ஒருவனின் மீன்பிடிப் படகில் கூலிக்கு. புயலில் படகு கவிழ்ந்தது. சில உடல்கள் கரை ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு நாலு மழைக்காலம் போய்விட்டது.

“உடம்பு கிடைக்காத ஆளைச் செத்துட்டாருன்னு யாரு சொல்றது?” என்பாள் துவாங்தா. முதல் வருஷம் புவாலை தம்பிக்கென்று சோறு மடிக்க உட்கார்ந்தபோது ஓடிவந்து இலையைப் பிடுங்கினாள். உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவன் சோறு வைத்தால் அந்தச் சோறே அவனைக் கொண்டுபோய்விடும் என்று கத்தினாள். அப்படி ஒரு பயம் எல்லாருக்கும் உள்ளதுதான். “அவர் பேரைச் சொல்லி நீங்க சோறு வைக்கக் கூடாது. புத்தர் முன்னாடி வந்து சத்தியம் பண்ணுங்க.” புவாலை போய்ச் சத்தியம் செய்தாள். வேறு என்ன செய்வது? அழுகிறவளோடு சண்டை போட அவளுக்கு வராது.

அதிலிருந்து வருஷா வருஷம் இந்த விடியலில் ஊரே துவாங்தாவின் கூடையை எட்டிப் பார்த்தது. இந்த வருஷமாவது வைத்தாளா என்று கிணற்றடியில் பேச்சு. ஊர் வாயை மூட முடியுமா? “என் கூடையைப் பாத்துத்தான் அவரு இருக்காரா இல்லையான்னு முடிவு பண்றாங்க” என்று அவள் ஒருநாள் சொன்னாள். அதனால்தான், நம்மை ஒருத்தருக்கும் தெரியாத ஊருக்குப் போகலாம் என்று புவாலை கூப்பிட்டதும் மறுபேச்சு பேசாமல் கிளம்பினாள். இன்னொரு காரணமும் உண்டு. லுவாங் பிரபாங்கின் தெருவில் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக நடந்து வருவதைக் காட்டுகிறேன் என்று சோன்பெத் அவளிடம் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தான். கடலிலிருந்து கடைசியாகப் போன் பேசியபோதும் அதைத்தான் சொன்னான். மழை முடியட்டும், வந்து கூட்டிப் போகிறேன் என்றான்.

இப்போது கூட்டிவந்திருப்பவள் அவனுடைய அக்கா.

பக்கத்துப் பாயில் குறட்டை நின்றது. அந்தப் பாய் பாக்பெங் ஊரிலிருந்து வந்த ஒரு குண்டம்மாவுடையது. ராத்திரி முழுக்க அவள் விட்ட குறட்டையில் சத்திரத்துக் கொசுக்களே வேறு இடம் பார்த்துப் போயிருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்ததும் தன் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

“இது எங்க அத்தைக்கு. பல்லு கிடையாது, அதனால வாழைப்பழமா வெச்சிருக்கேன். இது எங்க மாமாவுக்கு. இது என் மொத புருஷனுக்கு.”

“மொதன்னா, ரெண்டாவது வேற இருக்காரா?” என்றாள் புவாலை.

“அவன் படகுப் போட்டி பாக்க இப்பவே ஆத்தங்கரையில போய் இடம் பிடிச்சிருக்கான். மொதல்ல உள்ளவன் குடிச்சுட்டு என்னைப் போட்டு அடிப்பான். அவனுக்கு மட்டும் ஒரு சிகரெட் கூட வெச்சிருக்கேன். இல்லேன்னா கனவுல வந்து உதைப்பான்.”

“அடிச்சவனுக்கா சோறு?”

“பின்ன? அடிச்சான்னு பட்டினி போட முடியுமாக்கா? அவனுக்கு வேற யாரு இருக்கா.” சொல்லிவிட்டு அவள் துவாங்தாவின் பக்கம் திரும்பினாள். “உனக்கு யாரும்மா? சின்ன வயசா இருக்க. அப்பா அம்மாவா?”

“எனக்கு யாருமில்ல” என்றாள் துவாங்தா. “எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க.”

“கொடுத்து வெச்சவ” என்றாள் பாக்பெங்காரி, மனசாரத்தான். துவாங்தா தலை குனிந்து தோள்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

முரசு அடித்தார்கள். பெண்கள் மெழுகுவர்த்தியும் கூடையுமாக இருட்டில் இறங்கினார்கள். மழை பெய்து ஓய்ந்த தரை, செருப்பில்லாத காலுக்குச் சில்லென்றது. கோயில் மதிலை ஒட்டி, அரசமரத்து வேரில், சின்னத் தூபிகளின் அடியில் என்று ஒவ்வொருவராகக் குந்தி உட்கார்ந்து பொட்டலம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாரும் அடிக்குரலில்தான் கூப்பிட்டார்கள். சமையலறையிலிருந்து பக்கத்து அறையில் இருக்கிறவரைச் சாப்பிட அழைக்கிற குரல். யார் அழுதாலும் அடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

புவாலை மதிலின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு வைத்தாள். அம்மாவுக்கு வைத்தாள். “அம்மா, இதுல மீனு இருக்கு, முள்ளு பாத்துச் சாப்பிடு” என்றாள். பிறகு யாருமில்லாதவர்களுக்கு உள்ளதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. கூப்பிட ஆளில்லாமல் செத்த எல்லாருக்கும் அது பொது. மதிலோரம் முட்டிமோதி, கை முந்துகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற துவாங்தா கூடையை எட்டிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு இருக்கே. அது யாருக்கு?”

துவாங்தா குனிந்து அதை எடுத்தாள். இலை நன்றாக மூடவில்லை. அசைத்ததும் உள்ளே ஏதோ கலகலவென்றது. அவள் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டரிசிச் சோறு, எருமைத்தோல் போட்ட மிளகாய்த் துவையல், பக்கத்தில் ஒரு கைப்பிடி வறுத்த புளியங்கொட்டை.

அந்த வீட்டில் புளியங்கொட்டை தின்கிறவன் ஒருத்தன்தான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாளெல்லாம் கடக்முடக்கென்று கடிப்பான். பல்லை உடைச்சுக்காதடா என்று புவாலை திட்டாத நாளில்லை.

“சத்தியம் பண்ணீங்க” என்றாள் துவாங்தா. “புத்தர் முன்னாடி நின்னு பண்ணீங்க.”

“பண்ணேன். நான் வைக்க மாட்டேன்னுதான் பண்ணேன். இதை நான் வைக்கக் கொண்டுவரல. நீ வைக்கணும்னு கொண்டுவந்தேன்.”

“அதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா? ஊர் பாக்கலாம், பிக்குகளைப் பாக்கலாம்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?”

“மெதுவாப் பேசு. சாப்பிட வந்தவங்க இருக்காங்க.”

“பேசுவேன். உங்களுக்கு அவரு செத்துடணும். அழுது முடிச்சுடணும். நிம்மதியா இருக்கணும்.”

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் புவாலை அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டியிருப்பாள். இப்போது கையிலிருந்த தீப்பெட்டியை மட்டும் பார்த்தாள்.

“அவன் எங்கிட்ட வர்றான் துவா. உங்கிட்ட சொன்னதில்ல. நம்ம வீட்டு ஏணிக்குக் கீழே வந்து நிக்கிறான். சட்டையெல்லாம் தண்ணி சொட்டுது. ‘அக்கா, சோறு இருக்கா?’ன்னு கேக்கறான். மேல வாடான்னா வரமாட்டேங்கறான். நான் எடுத்துட்டு இறங்கி வந்து நீட்டுனா வாங்க மாட்டேங்கறான். எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறான். யாரைத் தேடுவான்? நீயே சொல்லு.”

துவாங்தா கேட்ட கேள்வி புவாலை எதிர்பாராதது.

“அப்ப எங்கிட்ட ஏன் வரல?”

“என்னது?”

“ஒரு தடவை கூட எங்கிட்ட வரல. நாலு வருஷமாச்சு. அவரு செத்திருந்தா மொதல்ல எங்கிட்டதானே வரணும்? நான்தானே பெண்டாட்டி? எங்கிட்ட வரல, அப்படின்னா அவரு இருக்காரு. நீங்க கண்டது வெறும் கனவு.”

“வருவான், வருவான். நீ தூங்கினாத்தானே வர்றதுக்கு? கோழி கூவுற வரைக்கும் கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கற. அவன் எந்த வாசல் வழியா வருவான்?”

சொன்ன பிறகு புவாலைக்கே தன் வாயின் மேல் கோபம் வந்தது. ஆனால் வந்த பேச்சை விழுங்க முடியுமா? மிச்சமும் கூடவே வந்துவிட்டது.

“இன்னொண்ணும் சொல்லிடறேன், கேட்டுக்கோ. மூணு வருஷமா யாருமில்லாதவங்களுக்குன்னு ஒரு பொட்டலம் வெச்சேனே, அதை யாரை நெனச்சு வெச்சேன்னு நெனைக்கற? அவனை நெனச்சுத்தான். பேர் சொல்லல. சத்தியத்தை மீறல. அக்கா நான் இருக்கேன், பெண்டாட்டி நீ இருக்க, எந்தம்பி அநாதைங்க பங்குல கை வெச்சுச் சாப்பிடட்டும்னு வெச்சேன். அது அவனுக்குக் கிடைச்சிருக்கும்னா நெனைக்கற? கல்யாண வீட்டுல பந்திக்கு முந்துறவனா அவன்? எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பொறகு, இருக்கறது போதும்க்கான்னு கடைசியில வந்து உக்காருறவன். அங்க இடிச்சுத் தள்ளி எடுப்பானா? ஓரமா நின்னுட்டுப் போயிருப்பான்டி. மூணு வருஷமும் நின்னுட்டுத்தான் போயிருப்பான்.”

அதற்கு மேல் முடியவில்லை. தோள்துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மதில் பக்கம் திரும்பி அழுதாள். இத்தனை வருஷத்தில் துவாங்தா அவள் அழுது பார்த்ததில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு கோயில் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். பொட்டலமும் அவளோடு போயிற்று.

புவாலை பின்னால் ஓடவில்லை. போகட்டும், ஆற்றில் வீசிவிட்டு வரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அடுத்த நிமிஷம் கிழக்கே பார்த்தாள். மலைக்கு மேலே கறுப்பு கரைய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரமும் அவள் கண்ணெதிரிலேயே போயிற்று. மதில் தெரிந்தது. மதிலின் மேல் பாசி தெரிந்தது. பொட்டலங்களின் நிறம் பச்சையானது. எங்கோ ஒரு சேவல் கூவ, மறுபடி முரசு அடித்தார்கள்.

“முடிஞ்சுது” என்றாள் பாக்பெங்காரி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. “எல்லாரும் போயாச்சு. வாக்கா, பிக்குகள் வர்ற நேரம். ஏன் இப்படி உக்காந்திருக்க? வயித்து வலியா?”

“ஆமா, வயித்து வலிதான்” என்றாள் புவாலை.

தெருவில் பாய் விரித்துப் பெண்கள் மண்டியிட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவும் கையுமாக நின்றார்கள். இருட்டோடு விடுதியிலேயே பல் தேய்த்து, தலை சீவி, இதற்கென்று எழுந்து வந்தவர்கள். துவாங்தா பாயின் கடைசியில் இருந்தாள். முன்னால் பிக்குகளுக்கென்று கொண்டுவந்த அவளுடைய சோற்றுக்கூடை, மடியில் அந்தப் பொட்டலம். புவாலை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பிக்குகள் வந்தார்கள். மழைத்தெருவில் காலடிச் சத்தம்கூட இல்லாமல், வயதில் பெரியவர் முன்னும் சின்னப் பிக்குகள் பின்னுமாக, பார்வையைத் தரையில் வைத்து வந்தார்கள். சோன்பெத் காட்டுகிறேன் என்று சொன்னது இதைத்தான். துவாங்தா ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு உருண்டை வைத்தாள். வைக்கும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. ஊரிலும் தினமும் இப்படித்தான். என்ன வேண்டுகிறாள் என்பது புவாலைக்குத் தெரியும். பத்திரமா இருக்கட்டும், திரும்பி வரட்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

ஒரு வெள்ளைக்காரர் கேமராவை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். புவாலை குடையை விரித்து நடுவில் வைத்தாள். அவர் நகர்ந்து போனார்.

வரிசை முடிவதற்குள் துவாங்தாவின் கூடையில் சோறு தீர்ந்துவிட்டது. கடைசியில் இன்னும் ஒரு சின்னப் பிக்கு இருந்தான். அவள் முன்னால் வந்து நின்று பாத்திரத்தின் மூடியைத் திறந்தான். துவாங்தாவின் கை வெறும் கூடைக்குள் துழாவியது. பிறகு மடிக்குப் போயிற்று. பொட்டலத்தை எடுத்தது.

பாத்திரத்தில் போட்டுவிட்டால் அதோடு சரி. உயிரோடு இருக்கிறவனுக்கான புண்ணியமாக அது போய்ச் சேரும். நியாயம் பார்த்தால் தப்பே இல்லை. சோறு, துவையல், புளியங்கொட்டை, எல்லாம் சாப்பிடுகிற பண்டம்தான். துவாங்தா அதைத்தான் செய்யப் போகிறாள் என்று புவாலை நினைத்தாள். அவள் கை பாத்திரத்தின் விளிம்பு வரை போயிற்று. அங்கே நின்றது. இலைக்குள் புளியங்கொட்டை கலகலத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் துவாங்தாவின் முகம் மாறியதைப் புவாலை பார்த்தாள். கூட்டத்தில் தெரிந்த ஆளைக் கண்டுகொண்ட முகம் அது.

கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்க சாமி” என்றாள் அவள். “இது வேற ஒருத்தருக்கு.”

புவாலை தன் கூடையில் கிடந்த கடைசி உருண்டையை எடுத்து அவசரமாகப் பாத்திரத்தில் வைத்தாள். பிக்கு நடந்து போனான். அவன் போவதற்காகவே காத்திருந்ததுபோல் துவாங்தா எழுந்து கோயிலை நோக்கி நடந்தாள். முதலில் நடந்தாள், வாசலுக்கு அப்பால் ஓடினாள். செருப்பு போடாத கால் சேற்றில் வழுக்கியது, அவள் நிற்கவில்லை.

மதிலடியில் நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. கோழிகள் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு வைத்த மீனை ஒரு பூனை தின்றுகொண்டிருந்தது. யாருமில்லாதவர்களுக்கு வைத்த பொட்டலம் எப்போதோ காலியாகி, இலை மட்டும் மல்லாந்து கிடந்தது. துவாங்தா மாமனார் மாமியாரின் இலைகளுக்கு நடுவில் இடம் பண்ணி, சேற்றைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, பொட்டலத்தை வைத்தாள். நான்கு பக்கமும் பிரித்து வைத்தாள். புவாலை வந்து தீப்பெட்டியை நீட்டினாள். பகல் வெளிச்சத்தில் மெழுகுவர்த்தி எரிவதே தெரியவில்லை.

“சோன்பெத்” என்றாள் துவாங்தா. இன்னொரு தடவை சொன்னாள். “வந்து சாப்பிடுங்க.”

அவ்வளவுதான், உடைந்துபோனாள். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த அழுகை. நெற்றி தரையில் படக் குனிந்து அழுதாள். புவாலை பக்கத்தில் குந்தி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

“நேரம் போயிடுச்சுல்லக்கா?” என்றாள் துவாங்தா, முகத்தைத் தூக்காமல். “எல்லாரும் போயிட்டாங்க. கொண்டுவந்ததைக் கையில வெச்சுக்கிட்டு நான்தான் நேரத்தைப் போக்கிட்டேன். இந்த வருஷமும் பாத்துட்டுப் போயிட்டாரு.”

புவாலைக்கும் அந்தப் பயம்தான். முரசு அடித்தாயிற்று. செத்தவர்களின் கதவு சாத்தியாயிற்று.

“அட போடி” என்றாள். “அவன் என்னிக்கு நேரத்துக்குச் சாப்பிட வந்தான்? எல்லாரும் எழுந்து கை கழுவினப்புறம்தான் வருவான். இப்பத்தான் வருவான். நீ பேசாம இரு.”

ஒரு நொண்டி நாய் மதிலோரமாக வந்தது. மற்ற நாய்களெல்லாம் தின்றுவிட்டுப் போன பிறகு வருகிற நாய். பொட்டலத்தை முகர்ந்தது. புவாலை விரட்டக் கையை ஓங்கினாள். துவாங்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கக்கா. சாப்பிடட்டும்.”

நாய் சோற்றைத் தின்றது, துவையலை நக்கியது. புளியங்கொட்டையை மட்டும் ஒதுக்கிவிட்டது. அது போன பிறகு துவாங்தா அந்தக் கொட்டைகளைப் பொறுக்கித் துடைத்து, இலைக்குள் மறுபடி வைத்தாள். ஒன்றை மட்டும் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் புளியங்கொட்டை பிடிக்காது. கடிக்கவும் தெரியாது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

படகுப் போட்டி பார்த்துவிட்டுப் போங்கள் என்று பாக்பெங்காரி எவ்வளவோ சொன்னாள். அவர்கள் இருக்கவில்லை. மேற்கே போகிற முதல் படகில் ஏறினார்கள். மூட்டைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. ஆறு செம்மண் கலங்கி, கரை தெரியாமல் பெருகி ஓடியது. ஊர் கண்ணுக்கு மறைவதற்கு முன்பே துவாங்தாவின் தலை புவாலையின் தோளில் சாய்ந்தது, பிறகு மடிக்கு வந்தது. முதலில் மயக்கமோ என்று புவாலை பயந்து கன்னத்தைத் தட்டப் போனாள். அப்புறம் மூச்சைக் கேட்டாள். தூக்கம்தான். வாயை லேசாகத் திறந்துகொண்டு, அசந்து தூங்குகிற தூக்கம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் படகு ஒரு துறையில் ஒதுங்கியது. படகுக்காரன் ஒரு அரிசி மூட்டையோடு வந்து நின்றான்.

“அவங்களை எழுப்புக்கா. மூட்டையை இங்க இறக்கணும்.”

“என் தலையில இறக்கு. அவளைத் தொட்ட, தெரியும் சேதி.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கா. அவளைப் பாக்க ஒருத்தர் வர்ற நேரம். சத்தம் போடாதே.”

படகுக்காரன் சுற்றும்முற்றும் பார்த்தான். கரையில் யாரும் இல்லை. ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பான். மூட்டையைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

புவாலை தோள்துணியைத் தூக்கிப்பிடித்து, மடியில் உள்ளவளின் முகத்தில் வெயில் படாமல் மறைத்தாள். கை கடுத்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டாள். துவாங்தாவின் உதடு அசைந்தது. யாரிடமோ ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கப் புவாலை குனியவில்லை. அது அவளிடம் சொன்ன பேச்சு இல்லை.